துகளுக்குள் துகள் தேடாதீர்கள்: சிமுலேஷன் கேள்வி பதில்

இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கணினி அண்டவியல் நிறுவனம் 2002இல் தொடங்கியது. அங்கிருந்து வரும் பிரபஞ்ச சிமுலேஷன்களோடு (பிரபஞ்சம் வளர்வதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பது) தினமும் மல்லுக்கட்டுபவன் நான். கேள்விகள் வந்த வரிசையிலேயே.

கே: கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த வேலையை யாராவது செய்திருக்கிறார்களா சார்?

ப: செய்திருக்கிறார்கள், அதுவும் பல்பை வைத்து! ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க், 1941. ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு, மோதவிட்ட இரண்டுக்கும் சேர்த்து 74. தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஈர்ப்பும் அப்படித்தான் குறையும். அதனால் ஒரு பல்பு இருந்த இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்துத் திசைக்குத் திசை வெளிச்சத்தை அளந்தாலே அங்குள்ள ஈர்ப்பு தெரிந்துவிடும். அதற்கேற்ப எல்லாப் பல்புகளையும் கொஞ்சம் நகர்த்த வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். கேலக்ஸிகள் உரசிப் போகும்போது சுருள் கைகள் கிளம்புவதை மனிதர் இப்படித்தான் பார்த்தார். எங்கள் புரோகிராமும் இதே சுற்றைத்தான் சுற்றுகிறது, பல்புகள்தான் கூடிவிட்டன: 2023இல் வந்த ஃபிளமிங்கோ சிமுலேஷனில், பல்புக்குப் பதில் 30,000 கோடி துகள்கள்.

கே: அண்ணா, இந்தத் துறைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

ப: எதுவானாலும் சரி. அதை வைத்து லாகின் செய்வீர்கள், பிறகு க்யூவில் காத்திருப்பீர்கள். கணக்கு ஓடுவது காஸ்மா8 என்ற சூப்பர் கம்ப்யூட்டரில். அதில் ஒரு நோடுக்கே 128 கோர், 1 டெராபைட் ராம்.

கே: மில்லேனியம் சிமுலேஷனில் நம் பால்வீதி எங்கே இருக்கிறது?

ப: எங்கேயும் இல்லை. 2005இல் வந்த அந்த சிமுலேஷனின் தொடக்க நிலை குலுக்கிப் போட்டு எடுத்தது. நம் அக்கம்பக்கம்தான் வேண்டுமென்றால் 2022இல் வந்த சிபேலியஸ்-டார்க் என்ற சிமுலேஷன் பற்றித் தேடிப் படியுங்கள்.

கே: ஈகிள் என்ற சிமுலேஷனின் படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு குட்டி கேலக்ஸியின் நடுப்பகுதி மொழுமொழுவென்று இருக்கிறது. கண்டுபிடிப்பா?

ப: இல்லை. இரண்டு துகள்கள் ரொம்ப நெருங்கினால் கணக்கில் விசை எகிறி, ஒன்றையொன்று தூக்கியெறிந்துவிடும். அதனால் ஈகிளில் சுமார் 2300 ஒளியாண்டுக்குக் கீழே ஈர்ப்பை வேண்டுமென்றே மழுக்கியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது அந்த மழுக்கலை. துகளுக்குள் துகள் தேடாதீர்கள்.

கே: மாடலில் உள்ள எண்களை, அதாவது திருகுகளை, நீங்களே திருகி வானத்தோடு பொருத்திவிட்டு, "பொருந்துகிறது பார்" என்கிறீர்கள். இதில் அறிவியல் எங்கே? (மெக்கானிக்கல் என்ஜினியர்)

ப: பாதி சரி. ஈகிளில் ஒரு வாயுத் துகள் சுமார் 18 லட்சம் சூரியன் எடை. ஒரு சூப்பர்நோவாவை, அதாவது ஒரு நட்சத்திர வெடிப்பை, தனியாகக் காட்ட அதில் வழியே இல்லை. ஆயிரக்கணக்கான சூப்பர்நோவாக்களின் ஆற்றலைச் சுற்றியுள்ள வாயுவுக்குச் சமமாகப் பங்கிட்டால், வாயு லேசாகச் சூடாகி உடனே குளிர்ந்துவிடும். வெடித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய், நட்சத்திரங்கள் அளவில்லாமல் பிறக்கும். எனவே ஆற்றலைச் சில துகள்களுக்கு மட்டும் மொத்தமாகக் கொடுத்து, வெப்பத்தைச் சுமார் 3 கோடி கெல்வின் ஏற்றுகிறார்கள். அப்போது வாயு வெளியே பாய்கிறது. ஆமாம், அந்த 3 கோடி மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண்தான்.

ஆனால் திருகியது எதற்கு? இன்றைய கேலக்ஸிகளில் எந்த நிறையில் எத்தனை, அவற்றின் அளவு, மையக் கருந்துளையின் நிறை, இவற்றுக்கு மட்டும். கேலக்ஸியின் நிறைக்கும் சுழற்சி வேகத்துக்கும் உள்ள உறவு திருகாமலே வந்தது. அதைத்தான் சோதனை என்கிறோம்.

கே: (அவரே) வராதவற்றை மட்டும் சொல்ல மாட்டீர்களோ?

ப: ஏன் சொல்லாமல்? ஈகிளின் பெரிய கேலக்ஸிக் கொத்துகளில் சூடான வாயு அளவுக்கு மீறி இருந்தது. அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஃபிளமிங்கோவில் கொத்துகளின் வாயு அளவையும் பொருத்திவிட்டு, அந்த அளவை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் தனித்தனியாக ஓட்டினார்கள். எந்த முடிவு திருகைப் பொறுத்தது, எது பொறுத்ததல்ல என்று அதில் தெரிந்துவிடும்.

கே: நானும் இதையே கேட்க வந்தேன். கூடவே, ரூ. 60,000க்குள் நல்ல லேப்டாப்?

ப: மேலே பாருங்கள். இரண்டுக்கும்.

கே: பைத்தானா, சி-யா?

ப: டர்ஹாமின் ஸ்விஃப்ட் புரோகிராம் சி. வந்த தரவை அலசுவது பைத்தான். ஸ்விஃப்ட் இலவசம், இறக்கி ஓட்டிப் பாருங்கள். அழகான படம் வந்ததும் குதிக்காதீர்கள்; துகள் எண்ணிக்கையை எட்டு மடங்காக்கி, விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் குதியுங்கள். துகளுக்குள் துகள், மறக்க வேண்டாம்.

கே: நாமே ஒரு சிமுலேஷனுக்குள்தான் இருக்கிறோமா?

ப: என் துறை இல்லை.

கே: (மறுபடி என்ஜினியர்) கடைசியாக ஒன்று. என்ன தெரிந்தால் உங்கள் மாடல் தோற்றது என்று ஒப்புக்கொள்வீர்கள்?

ப: இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் ஐயா. கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியும் பொருள்) குளிர்ந்த வகை, அதாவது மெதுவாக நகரும் துகள்களால் ஆனது என்றால், சுமார் 1 கோடி சூரிய நிறையில், ஒரு நட்சத்திரம்கூட இல்லாத கரும்பொருள் கட்டிகள் எக்கச்சக்கமாக இருந்தாக வேண்டும். இந்தக் கணிப்பு சூப்பர்நோவாத் திருகைச் சார்ந்ததல்ல. தூரத்துக் கேலக்ஸியின் ஒளி இடையிலுள்ள கேலக்ஸியால் வளைந்து வில்லாகத் தெரியும்போது, இந்தக் கட்டிகள் அந்த வில்லில் நுண்ணிய நெளிவை உண்டாக்கும். போதுமான வில்களைத் துல்லியமாகப் பார்த்தும் நெளிவே இல்லையென்றால் குளிர் கரும்பொருள் அவுட். எந்தத் திருகை வைத்தும் காப்பாற்ற முடியாது.