கோச்சிங் ஃபீஸுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 48,000. மனைவி வீட்டில் தைத்து மாதம் 8,000 வரை சம்பாதிக்கிறார். வீட்டுக்கடன் தவணை 13,000. மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 462 மார்க் எடுத்து, பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்கிறாள். ஒரு கோச்சிங் சென்டரில் ஜேஇஇ, நீட் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 2,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்கிறார்கள். இந்த மாதமே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். எங்களிடம் எஃப்.டி. 1.5 லட்சம், செல்வமகள் கணக்கில் 4.2 லட்சம், நகை 12 பவுன் இருக்கிறது. நகையை அடகு வைப்பதா, செல்வமகளில் எடுப்பதா? எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை.

பதில்: இரண்டும் வேண்டாம்.

கோச்சிங்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2,40,000-க்கு 43,200 சேர்த்தால் 2,83,200 ஆகிறது. உங்கள் இருவரின் ஐந்து மாத வருமானத்தைக் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள். அதிலும் மருத்துவப் படிப்புக்கான நீட்டுக்கு எதற்குப் பணம்? உங்கள் மகள் எடுத்த குரூப்பில் பயாலஜியே கிடையாது. ரிசப்ஷனில் பேசியவர் அதைக்கூடக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் எந்தக் கல்லூரி என்று பேசுங்கள். எந்தப் பரீட்சை என்பது அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் கவுன்சலிங் வழியாகச் சேர 2007-லிருந்து நுழைவுத்தேர்வே கிடையாது. பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 92 என்றால் 95 + 45 + 46 = 186. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃப் ஒன்று கூடும். இயற்பியலில் ஒரு மார்க்குக்கு அரைதான். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல கணக்கு வாத்தியார் இருந்தால், டியூஷனுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவருக்கே போகட்டும்.

ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜேஇஇ வீண் என்று சொல்லவில்லை. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. அதற்கு ஜேஇஇ மெயின் போதும். ஐஐடி என்றால் அட்வான்ஸ்டும் எழுத வேண்டும். மகளுக்கு உண்மையிலேயே அந்த ஆசை இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். உறவுக்காரர் வீட்டுப் பையன் போகிறான் என்பது காரணமாகாது. ஆசை இருந்தால் மூன்று மாதம் வெள்ளோட்டம் விடுங்கள்: என்சிஇஆர்டி புத்தகம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள், வாரம் ஒரு மாதிரித் தேர்வு. அதை அவளாகவே உட்கார்ந்து செய்கிறாளா என்று பார்த்துவிட்டு கோச்சிங் பற்றி யோசிக்கலாம். இன்னொன்று, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் ரத்து செய்யப்பட்டுவிட்டதால், சில பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவ வாய்ப்பிருக்கிறது. ஜேஇஇ கேள்விகளில் கணிசமான பகுதி அந்தப் பாடத்திலிருந்தும் வரும். பள்ளியில் அதை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கவனியுங்கள்.

மாதம் 4,500 வரை டியூஷனுக்கு ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் 1,08,000. வருமானத்திலிருந்தே சமாளிக்கலாம். கோச்சிங்கில்தான் சேர்ப்பது என்று முடிவானால் டெர்ம் டெர்மாகக் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், பிள்ளை பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. அதனால் சேர்க்கைப் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “வட்டியில்லாத தவணை” என்று அங்கேயே ஒரு ஃபைனான்ஸ் ஆளை உட்காரவைத்திருந்தால் இன்னும் உஷார். அந்தக் கடன் உங்கள் பேரில். சென்டரே மூடிவிட்டாலும் தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதான் போகும். 2025 ஜனவரியில் வட மாநிலங்களில் ஒரு பெரிய நிறுவனத்தின் பல மையங்கள் திடீரென்று மூடப்பட்டு, முன்பணம் கட்டிய பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்கள்.

செல்வமகள் கணக்குக்கு வருவோம். பத்தாம் வகுப்பு முடிந்தாலோ 18 வயதானாலோ, முந்தைய மார்ச் இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம். ஆனால் கல்வி நிறுவனத்தின் அட்மிஷன் கடிதமோ ஃபீஸ் ரசீதோ காட்ட வேண்டும். கோச்சிங் சென்டர் ரசீதை நம்பி இதில் இறங்காதீர்கள். இந்தப் பணம் முதல் வருடக் கல்லூரி ஃபீஸுக்கு. இப்போது போலவே கட்டி வந்தால் இரண்டு வருடத்தில் 2.6 லட்சம் போல எடுக்க முடியும். மொத்தமாக எடுக்காமல் வருடத்துக்கு ஒரு தடவை என்று ஐந்து வருடம் வரை பிரித்தும் எடுக்கலாம்.

கல்லூரிப் பட்டியலைப் பார்க்கும்போது படிப்பின் பேருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரியிலேயே அது சுயநிதிப் பிரிவு என்று அர்த்தம். கல்லூரி ஒன்றுதான், ஃபீஸ் வேறு. கோயம்புத்தூருக்குத் தினம் போய்வருவதானால் பஸ் ஃபீஸையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பா அம்மாக்கள் கணக்கில் விடுவது அதைத்தான்.

உங்களுக்குக் கைகொடுப்பது முதல் பட்டதாரி சலுகை. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் குறைப்பு உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. சான்றிதழுக்கு இ-சேவையில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், மே மாதக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளி அதில் வராது.

அப்படியும் துண்டு விழுந்தால் கல்விக்கடன். 4 லட்சம் வரை உங்கள் பங்கு என்று எதுவும் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை அடமானமும் கேட்க மாட்டார்கள். பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்லூரியாக இருந்து, குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் கிடைக்க வாய்ப்புண்டு. உங்கள் வருமானம் 6.72 லட்சம். நகையை இப்போதைக்கு லாக்கரிலேயே வையுங்கள்.