திருகோணமலை வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கியூஆர் முறையில் பணம் செலுத்தியவர் தமது கைத்தொலைபேசித் திரையைக் காட்டினால் போதுமா? (திருகோணமலை நகர்)

போதாது. பழைய கொடுப்பனவின் படத்தைக்கூட ஒருவர் காட்டிவிடலாம் என்பதால், உங்கள் வங்கியிலிருந்து உங்களுக்கே வரும் குறுஞ்செய்தியையோ செயலி அறிவிப்பையோ பார்த்த பின்னரே பொருளைக் கையளியுங்கள். இலங்கை மத்திய வங்கி 2018இல் தேசியத் தரமாக வகுத்த லங்கா கியூஆர், பல வங்கிகளின் செயலிகளுக்கும் ஒரே குறியீடு போதும் என்ற வசதியைத் தந்தது. ஆயினும் மேசையில் ஒட்டிய அச்சுக் குறியீட்டில் தொகையை வாடிக்கையாளரே உள்ளிடுகிறார். 1,850 ரூபாய் 1,580 ஆகிவிடுவது அங்கேதான். தொகையும் சேர்ந்தே திரையில் தோன்றும் குறியீட்டை உங்கள் வங்கி வழங்கினால் அதையே தெரிவுசெய்யுங்கள். காலையில் கடை திறக்கும்போது, உங்கள் குறியீட்டின்மேல் வேறொன்று ஒட்டப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். கடை சாத்துமுன் வங்கிக்கு வந்த தொகையைப் பெட்டிக் காசுடன் சேர்த்து அன்றே கொப்பியில் எழுதாவிட்டால், மாத முடிவில் இலாபம் எது, கடனாக நிற்பது எது என்று பிரித்தறிய முடியாது.

கேள்வி: ஒரே அறையை இரண்டு முன்பதிவுத் தளங்களில் போட்டிருந்தோம், ஒரே நாளுக்கு இருவர் வந்துவிட்டனர். (நிலாவெளி)

இரு தளங்களின் நாட்காட்டிகளையும் இணைப்பு மூலம் பொருத்தியிருந்தாலும், அந்தத் தகவல் உடனுக்குடன் மாறுவதில்லை. சில மணிநேரத் தாமதம் ஏற்படலாம். கடல் அமைதியாக இருந்து பயணிகள் கூடும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் அந்த இடைவெளியே போதும், இரட்டைப் பதிவு விழ. ஓரிரு அறைகள் மட்டுமே உள்ள விடுதிக்கு, பருவகாலத்தில் ஒரே தளத்தை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அறைகள் கூடினால், எல்லாத் தளங்களையும் ஒருங்கே நிர்வகிக்கும் கட்டண மென்பொருளுக்குச் செலவிடுவது தகும்.

கேள்வி: பலசரக்குக் கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் வாங்கலாமா? (கிண்ணியா)

வாங்கலாம், ஆனால் முதலில் இருப்பை முழுமையாக எண்ணுங்கள். பொதி செய்த பொருட்களுக்குப் பட்டைக் குறியீடு உண்டு. நிறுத்து விற்கும் அரிசிக்கும் கருவாட்டுக்கும் கிடையாது. அவற்றின் நிறையை ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளிட ஒருவர் இல்லையென்றால், திரை காட்டும் இருப்பும் சாக்கில் உள்ள இருப்பும் ஒரு வாரத்திலேயே வேறுபடும்.

கேள்வி: பற்றுச்சீட்டுக்காகப் பெற்ற தொலைபேசி இலக்கங்களுக்கு வட்ஸ்அப் விளம்பரம் அனுப்பலாமா? (மூதூர்)

சம்மதம் கேட்காமல் அனுப்பாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அதற்கே அது பயன்பட வேண்டும் என்பதாகும். இலக்கத்தை வாங்கும்போதே விளம்பரத்துக்கும் சம்மதமா என்று கேட்டு, “வேண்டாம்” என்றவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிடுங்கள்.