வாசகர் கேள்வி–பதில்: பழைய மெதடிஸ்ட் ஆலயத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறோம். நாங்கள் போகும் ஆலயத்தின் பெயர்ப் பலகையில் 'யுனைடெட் மெதடிஸ்ட்' என்று இருக்கிறது. மூலைக்கல்லிலோ 'எம்.ஈ. சர்ச், சவுத்' என்று வெட்டியிருக்கிறார்கள். வேறு சபையாரிடம் வாங்கிய கட்டடமா?

பதில்: பெரும்பாலும் அதே சபைதான், பெயர்தான் மாறியிருக்கும். 1784 டிசம்பரில் பால்டிமோரில் கூடிய மாநாட்டில் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது. அடிமைமுறைப் பிரச்சினையில் 1844-இல் பிளவு ஏற்பட்டு, மறு ஆண்டு தென்மாநிலத்தார் 'எம்.ஈ. சர்ச், சவுத்' என்று தனியே போனார்கள். 1939-இல் இந்த இரண்டும் மெதடிஸ்ட் புராட்டஸ்டண்ட் சபையும் சேர்ந்து 'மெதடிஸ்ட் சர்ச்' ஆயின. 1968-இல் எவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் சபை இணைந்தபோது வந்ததுதான் இப்போதைய பெயர். ஆகவே உங்கள் கல் 1845-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது.

வரலாறு எழுதுவோர் பலர் தாண்டிப் போகும் ஒன்றையும் சொல்லவேண்டும். 1939 இணைப்பில் கறுப்பின மக்களின் சபைகளை 'சென்ட்ரல் ஜூரிஸ்டிக்ஷன்' என்று தனியாக ஒதுக்கினார்கள். 1968 இணைப்பில்தான் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. ஒரே ஊரில் அப்படி இன்னொரு மெதடிஸ்ட் சபை இருந்திருந்தால் அதன் பதிவேடுகள் வேறு மாநாட்டின் (ஒரு வட்டாரச் சபைகளின் நிர்வாகக் கூட்டமைப்புக்கும் மாநாடு என்றே பெயர்) ஆவணங்களில் கிடக்கும். அதைத் தேடாமல் எழுதினால் ஊரின் பாதி வரலாறு விட்டுப்போகும்.

கேள்வி: சபையின் வரலாற்று மலர் தயாரிக்கிறோம். மூலைக்கல்லில் ஓர் ஆண்டு, கிரயப் பத்திரத்தில் ஓர் ஆண்டு, பிரதிஷ்டை அழைப்பிதழில் வேறோர் ஆண்டு. எதைப் போடுவது?

பதில்: மூன்றையும் போடுங்கள். ஆனால் எது எதன் ஆண்டு என்று சொல்லிப் போடுங்கள். சபை கூடத் தொடங்கியது, மனை வாங்கியது, கல் நாட்டியது, கட்டி முடித்தது, பிரதிஷ்டை செய்தது எல்லாம் தனித்தனி நிகழ்ச்சிகள். மூலைக்கல் வேலை தொடங்கிய ஆண்டைத்தான் காட்டும். பணத் தட்டுப்பாடு வந்தால் கூரை போட ஆண்டுகள் ஆகியிருக்கும். தீவிபத்துக்குப் பிறகு பழைய கல்லையே புதுச் சுவரில் பதித்த ஆலயங்களும் உண்டு. கல்லை மட்டும் நம்பி எழுதிய மலர்கள்தான் அதிகம் தவறுகின்றன.

பத்திரம் தேடுவது கவுண்டி நீதிமன்ற வளாகத்தில். அங்கே வாங்கியோர் அட்டவணையில் ஆலயத்தின் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. மெதடிஸ்ட் சொத்து டிரஸ்டிகள் பெயரில்தான் எழுதப்படும். ஜான் வெஸ்லி 1763-இல் வகுத்த மாதிரிப் பத்திரத்திலிருந்து வரும் வழக்கம் அது. எனவே 'டிரஸ்டீஸ்' என்ற தலைப்பிலும், முதல் டிரஸ்டியின் குடும்பப் பெயரிலும் பாருங்கள்.

போதகர்களின் பட்டியலுக்கு மாநாட்டின் ஆண்டறிக்கையே ஆதாரம். யார் எங்கே நியமனம் என்று ஆண்டுதோறும் அதில் அச்சிடுவார்கள். உங்கள் ஊரின் பெயர் அதில் இல்லையென்றால் சபையே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சிற்றூர்ச் சபைகள் ஒரு சர்க்கிட்டில், அதாவது ஒரே போதகர் சுற்றிவந்து கவனிக்கும் பல சபைகளின் தொகுதியில், சேர்ந்திருக்கும். அறிக்கையில் அந்த சர்க்கிட்டின் பெயர் மட்டும் வரும்.

கட்டடத்துக்கு மிக நல்ல சாட்சி சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆயிரக்கணக்கான தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி அளவு. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள், கருங்கல் நீலம். ஆலயத்தின் மேல் 'வெப்பம்: அடுப்பு, விளக்கு: எண்ணெய்' என்றுகூடக் குறித்திருப்பார்கள். ஒரு வரைபடத்தில் மஞ்சளாக இருந்தது அடுத்ததில் இளஞ்சிவப்பாக மாறினால், மரக்கோயில் போய்ச் செங்கல் கோயில் வந்த காலம் அந்த இடைவெளிக்குள் சிக்கிவிடும். பழைய தாள்களின் மேல் திருத்தத் துண்டுகளை ஒட்டிப் புதுப்பித்திருப்பார்கள். அதனால் அட்டையில் உள்ள ஆண்டோடு திருத்தம் செய்த ஆண்டையும் பாருங்கள்.

கேள்வி: ஆலயத்தின் பின்புறம் அரைவட்டமாக ஒரு கூடம், அதைச் சுற்றிச் சிறு அறைகள். மடக்குக் கதவுகளை எடுத்துவிட்டார்கள். எதற்காக அப்படிக் கட்டினார்கள்?

பதில்: ஞாயிறு பள்ளிக்காக. ஒஹாயோவில் ஆக்ரன் நகரத் தொழிலதிபர் லூயிஸ் மில்லர் முன்னின்று உருவாக்கிய அமைப்பு இது; 1870 வாக்கில் அங்கே மெதடிஸ்ட் ஆலயத்தில் கட்டினார்கள். முதலில் எல்லோரும் நடுக்கூடத்தில் சேர்ந்து பாடி ஜெபித்துவிட்டு, கதவுகளை மூடிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் பிரிவார்கள். எல்லா வயதினருக்கும் ஒரே பாடம் இருந்தவரை அது பொருந்தியது. வயதுவாரிப் பாடத்திட்டம் வந்தபின் தேவை குறைந்தது. கதவு வழியே பக்கத்து வகுப்பின் சத்தம் கேட்பதும் பெரிய தொல்லை. அந்த மடக்குக் கதவுகள் ஓடிய பள்ளக்கோடு தரையிலும் தண்டவாளம் உத்தரத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை மூடிவிடாமல் படம் எடுத்து மலரில் சேருங்கள்.

கேள்வி: பழைய செங்கல் சுவருக்கு சிமெண்ட் வைத்து பாயிண்டிங் (செங்கல் இணைப்புகளில் காரை பூசுவது) செய்தோம். இப்போது செங்கல்லின் முகம் உதிர்கிறது. ஏன்?

பதில்: அக்காலச் செங்கல் மென்மையானது, காரை சுண்ணாம்பு. சுவருக்குள் போகும் ஈரம் காரை வழியாக வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கல் வழியே வருகிறது. குளிரில் உறைந்து முகத்தைப் பிளக்கிறது. சிமெண்டை உளியால் கையால் எடுக்கச் சொல்லுங்கள், அரவை இயந்திரம் செங்கல் விளிம்பை வெட்டிவிடும். இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுக்கவேண்டும். சுண்ணாம்புக் காரையை (ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல்) கால் அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாக வையுங்கள். அடுத்த அடுக்குக்கு முன் விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. உறைபனி வரும் காலத்தில் வேலையே வேண்டாம். மணல் பீச்சிச் சுத்தம் செய்யவும் விடாதீர்கள், செங்கலின் சுட்ட மேற்தோல் போய்விடும்.