“எனக்கு ஒண்ணுமில்ல, விடு!” – துணைவருக்குத் திடீரெனச் சர்க்கரை இறங்கும்போது

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகளின் மனைவிமாரும் கணவன்மாரும்தான். லோ சுகர் வந்தவருக்கு அந்த அரைமணி நேரம் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. பக்கத்தில் இருந்தவருக்கோ அது மறப்பதேயில்லை. அதனால் இவர்களுடைய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் நான் சொல்லும் எண்ணை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 56 வயது. இருவேளை இன்சுலின் போடுகிறார். சர்க்கரை இறங்கினால் ஆளே மாறிவிடுகிறார். ஜூஸை நீட்டினால் தட்டிவிடுகிறார், “எனக்கு ஒண்ணுமில்ல, விடு” என்று கத்துகிறார். ஒருமுறை மகள் முன்னாலேயே தகாத வார்த்தை சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?” என்று கேட்கிறார். இது நோயா, இல்லை மனதில் இருப்பதுதான் வெளியே வருகிறதா டாக்டர்?

நோய்தான் அம்மா. உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமித்து வைத்துக்கொள்ள மூளைக்கு வழி கிடையாது. ரத்தத்தில் வந்துகொண்டே இருந்தால்தான் உண்டு. சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது அட்ரினலின் சுரந்து வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி என்று உடம்பு எச்சரிக்கும். 54-க்குக் கீழே போய்விட்டால் மூளையே பட்டினி. நிதானமும் நாவடக்கமும் அப்போதே தடுமாற ஆரம்பித்துவிடும். 45-இல் இருப்பவரிடம் “லோ ஆயிடுச்சா?” என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அந்தப் பட்டினி கிடக்கும் மூளைதான். அவர் “ஒண்ணுமில்ல” என்பது பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்த நேரத்தில் வந்து விழும் வார்த்தைகளை உங்கள் இல்வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சர்க்கரை 120 இருக்கும்போதும் இப்படித்தான் பேசுகிறார் என்றால் அது வேறு விஷயம். அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், வாதாடாதீர்கள். “மீட்டர் எங்கே, எப்ப சாப்பிட்டீங்க, ஊசி எத்தனை யூனிட்” என்ற விசாரணையெல்லாம் பிறகு. எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தணிந்த குரலில் ஒரே வாக்கியம்: “இதைக் குடிங்க, நானும் குடிக்கிறேன்.” டம்ளரை அவர் கையிலேயே கொடுங்கள். வாயருகே கொண்டுபோனால் மிரண்டு தள்ளிவிடுவார்கள். கையைப் பிடித்து அமுக்குவதும் தாடையைப் பிடிப்பதும் கூடவே கூடாது. அடிபடுவது நீங்களாக இருக்கும். தட்டிவிட்டால் ஓரடி பின்வாங்கி, ஒரு நிமிடம் விட்டு, வேறொரு இனிப்போடு மறுபடி வாருங்கள். அதற்குள் அடுப்பை அணைத்து, வண்டிச் சாவியை எடுத்து வைத்து, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் வாயில் எதுவும் போடமாட்டேன் என்கிறார், பேச்சும் குழறுகிறது என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அழையுங்கள், வீட்டில் குளுகாகான் இருந்தால் கொடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இதைவிட முக்கியமான வேலை அவர் நன்றாக இருக்கும் நாளில் செய்ய வேண்டியது. சாவகாசமாக உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள்: “அந்த நேரத்துல நான் என்ன சொன்னா நீங்க கேப்பீங்க?” சில தம்பதிகள் ஒரு சொல்லை முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் குடிக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. பழகப் பழக அது வேலை செய்யும்.

அடுத்தமுறை டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள். “லோ ஆகுதா?” என்று நான் கேட்டால் “எப்பவாவது லேசா” என்று கணவர் சொல்வார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவி இல்லையென்று தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் பல நேரம் எனக்கு இன்சுலினைக் குறைக்க வேண்டும் என்பதே தெரிகிறது. தேதி, நேரம், மீட்டர் காட்டிய எண், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று நாலு வரி குறித்துக்கொண்டு போனால் போதும். அடிக்கடி லோ ஆவது மருந்தளவில் இருக்கும் பிரச்சினை. அவருடைய குணத்தில் தேட வேண்டாம், உங்கள் கவனிப்பிலும் தேட வேண்டாம்.

லோ ஆனால் சாக்லேட் கொடுக்கிறேன். சரிதானே? எவ்வளவு கொடுக்க வேண்டும்?

சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஐஸ்கிரீம், கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான்.

தேவை 15 கிராம் சர்க்கரை. மூன்று அல்லது நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். அரை டம்ளர், அதாவது 150 மில்லி பழச்சாறு கொடுக்கலாம். நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் நான்கு. டயட் பானம் பயன்படாது. அவசரத்தில் கையில் கிடைத்த பாட்டிலைத் திறக்கும்போது இந்தத் தவறு நடக்கும். கொடுத்த பிறகு 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். 70-க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். அந்தக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். பயத்தில் அடுத்தடுத்து ஊட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 300-இல் போய் நிற்கும். சரியான பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து உணவு கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மருந்துச் சீட்டில் பாருங்கள். அகார்போஸ் அல்லது வோக்ளிபோஸ் எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது. சர்க்கரையைக் குடல் உடைப்பதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

மனைவி குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். பதற்றத்தில் வாயைத் திறந்து சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். இருமல் வந்து பயந்துபோனேன். பிழைத்துக்கொண்டாள். நான் செய்தது சரியா?

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கும் அனிச்சை வேலை செய்யாதபோது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அந்த இருமல் அதனால்தான் வந்தது.

முதலில் மூச்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் உணவோ எச்சிலோ இருந்தால் வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி, ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சே இல்லையென்றால் அதையும் சொல்லி அழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நெஞ்சழுத்தம் தொடங்குங்கள். வலிப்பு வந்தால் பிடித்து நிறுத்த முயலாதீர்கள். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். “சர்க்கரை ஏறியிருக்குமோ” என்ற சந்தேகத்தில் இன்சுலின் போட்டுவிடாதீர்கள். அது உயிரையே எடுத்துவிடும்.

இன்சுலின் போடுபவர் இருக்கும் வீட்டில் குளுகாகான் வைத்திருப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் விடச் செய்யும் ஹார்மோன் அது. பெரியவர்களுக்கு ஊசியாக 1 மி.கி.; மூக்கில் அடிக்கும் பொடியாக 3 மி.கி.யும் 2019 முதல் சில நாடுகளில் கிடைக்கிறது. கொடுத்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நினைவு திரும்ப வேண்டும். திரும்பும்போது வாந்தி வருவது சகஜம், அதனால்தான் ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னேன். மது குடித்திருந்தாலோ நெடுநேரம் பட்டினி இருந்தாலோ இது சரியாகப் பலன் தராது, ஏனென்றால் விடுவிக்கக் கல்லீரலில் சரக்கு இருக்காது. குளுகாகானை நம்பி ஆம்புலன்ஸைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணவர் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான் போடுகிறார். நானும் பயப்பட வேண்டுமா?

அது மட்டும்தான் என்றால், வேளைக்குச் சாப்பிடுகிறவருக்கு லோ ஆவது மிக அரிது. கூட வேறு மாத்திரை சேர்க்கும்போது மட்டும் “இது சர்க்கரையை இறக்கிவிடுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 71 வயது, சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். கிளிமெபிரைடு எடுக்கிறார். போன வாரம் சாயங்காலம் 48 ஆனது. ஜூஸ் கொடுத்து 110 வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டோம். நடுராத்திரி மறுபடி 52. எப்படி?

மாத்திரை இன்னும் உடம்பில் இருந்ததால். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் கணையத்தை விரட்டி விரட்டி இன்சுலின் சுரக்கச் செய்பவை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அவை வெளியேற நேரமாகும். இவற்றால் வரும் லோ சரியான மாதிரி காட்டிவிட்டுத் திரும்ப வரும், ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, 48 வரை போனவர் ஜூஸ் குடித்துத் தேறிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இனி வந்தால் அப்படிச் செய்யுங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 71 வயதில் மூன்று மாதச் சராசரியை (HbA1c; இது மட்டும் சதவீதக் கணக்கு) 6.5-இல் நிறுத்திக் காட்டுவதால் யாருக்கும் பெருமையில்லை, 7.5, 8 என்று கொஞ்சம் தளர்த்தி, விழாமல் இருப்பது மேல்.

மனைவிக்கு முன்பெல்லாம் கை நடுங்கும். இப்போது 50 இருந்தாலும் சாதாரணமாக வேலை செய்துகொண்டிருக்கிறாள். நல்லதுதானே?

நல்லதில்லை. எச்சரிக்கை மணியே அடிக்காமல் போய்விட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப லோ ஆகும்போது உடம்பு அட்ரினலின் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த அறிகுறி நேரடியாக மயக்கமாகவே இருக்கலாம். ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுத்தால் படபடப்பும் நடுக்கமும் இன்னும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மிஞ்சும். ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. சில வாரங்கள் லோ ஆகவே விடாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த எச்சரிக்கை உணர்வு திரும்பி வருகிறது. அதற்காக டாக்டர் இலக்கைச் சற்று உயர்த்தி வைப்பார். அதுவரை உங்கள் கண்தான் அவருக்கு உதவி. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, பார்வை எங்கோ நிலைகுத்துவது, பேச்சு மெதுவாவது, காரணமில்லாத சிரிப்பு. சந்தேகம் வந்தால் உடனே சோதியுங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் சர்க்கரை கொடுத்துவிடுங்கள். அரை டம்ளர் ஜூஸ் தேவையில்லாமல் கொடுத்ததால் பெரிய கெடுதல் எதுவும் வராது.

வண்டி ஓட்டலாமா?

கிளம்பும் முன் சோதித்து 90-க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். நடுவில் லோ ஆனால் ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, சர்க்கரை சாப்பிட வேண்டும். அளவு சரியான பின்னும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும், மீட்டரில் எண் ஏறிவிட்டாலும் மூளை தெளியத் தாமதமாகும். முந்தைய கேள்வியில் சொன்ன மாதிரி அறிகுறியே தெரியாதவர் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டக் கூடாது.

ராத்திரியில் பயம். கணவர் சட்டை நனைந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறேன். சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் மாட்டியும் அலாரம் அடித்து அடித்து நான் தூங்கி மாதக்கணக்காகிறது. கேட்டால் “என்னை வேவு பாக்கறியா?” என்கிறார்.

நனைந்த சட்டை, கெட்ட கனவு, தூக்கத்தில் உளறல், காலையில் தலைவலி எல்லாம் இரவு லோவின் அடையாளங்கள்தான். நீங்கள் கவனித்தது சரி. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காப்பது சிகிச்சை ஆகாது. இரவில் தொடர்ந்து இறங்குகிறது என்றால் மாலை அல்லது இரவு டோஸை மாற்றியாக வேண்டும். அன்றைக்கு அதிகமாக உடலுழைப்பு இருந்ததா, மது குடித்தாரா என்றும் பாருங்கள். இரண்டும் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் சர்க்கரையை இறக்கும். ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டுத் தோலடியில் கட்டி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கட்டியில் போட்ட இன்சுலின் ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் மொத்தமாகவும் இறங்கும்.

சென்சார் பொய் அலாரமும் அடிக்கும். அது மாட்டியிருக்கும் பக்கமாகப் புரண்டு படுத்தால், அழுத்தத்தில் எண் திடீரென இறங்கிக் காட்டும். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து விரலில் குத்திப் பாருங்கள். ரத்தத்தைவிடச் சென்சார் சில நிமிடம் பின்தங்கியே காட்டும் என்பதால், ஜூஸ் கொடுத்த பிறகு விரல்நுனிச் சோதனையை நம்புங்கள். அலாரம் அடிக்க வேண்டிய எண் எது என்று டாக்டரோடு பேசி வையுங்கள். தேவையைவிட உயரத்தில் வைத்திருப்பதால்தான் பலர் ராத்திரி முழுக்க எழுந்துகொண்டிருக்கிறார்கள்.

வேவு என்று அவர் சொல்வதற்கு: எந்த எண்ணுக்குக் கீழே போனால் நீங்கள் தலையிடலாம் என்பதை அவரே சொல்லட்டும். அதற்கு மேல் இருக்கும்போது சென்சார் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள். வாரத்தில் ஓரிரு இரவாவது அலாரம் வளர்ந்த பிள்ளையின் போனிலோ கூடப்பிறந்தவர் போனிலோ அடிக்கட்டும். நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். அதற்கு முன் அவர்களுக்குக் குளுகாகான் இருக்கும் இடத்தைக் காட்டி, காலாவதியான ஊசி ஒன்று இருந்தால் அதை வைத்து எப்படிக் கலந்து போடுவது என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆலோசனைக்குப் போகும்போது, நீங்கள் தூங்காத விஷயத்தையும் அவர் எதிரிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க அந்தத் தகவலும் எங்களுக்கு வேண்டும்.