கல்லறையில் ஒரு கும்பினி லெப்டினென்ட்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ‘லெப்டினென்ட்’, ‘மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’, ‘1846’, ‘வயது 22’ என்பவை மட்டும் தெரிகின்றன. பெயரில் பாதி உதிர்ந்துவிட்டது. இவருடைய பெற்றோர், ஊர் எல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியும் அம்மா. ‘மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’ என்ற சொற்கள் தப்பியதே பெரிய விஷயம். அன்று இங்கே இரண்டு பட்டாளங்கள் இருந்தன. ஒன்று விக்டோரியா அரசியுடையது, மற்றது கும்பினியாருடையது, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அரசியின் அதிகாரிகளைப் பற்றிய காகிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ‘நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’ என்பது கும்பினியின் இந்தியச் சிப்பாய்க் காலாட்படை, அதனால் உங்கள் லெப்டினென்ட் கும்பினிக்காரர். அவரைப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு கல்லறைக்காக நான்கு மாதம் கியூ பட்டியல்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

முதலில் பெயர். மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் திரட்டி 1905-ல் வெளியிட்டார். உங்கள் கல் அப்போது இன்னும் தெளிவாக இருந்திருக்கும், அதில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பாதிரியார்கள் நகல் எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் பெரும்பகுதியை இன்று இணையத்திலேயே தேடலாம். 1846-ம் ஆண்டு அடக்கப் பதிவுகளில் வயதையும் பதவியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் ‘கேடட் காகிதங்கள்’. இவைதான் பொக்கிஷம். கும்பினியில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர வந்த பையன் ஞானஸ்நானச் சான்று கொடுத்தாக வேண்டும். அதில் பெற்றோர் பெயரும் திருச்சபை ஊரும் இருக்கும். உங்கள் லெப்டினென்ட் பிறந்தது 1824-ஐ ஒட்டி. இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-ல்தான். அதனால் இந்தச் சான்றின் அருமை இன்னும் கூடுகிறது. அயர்லாந்துக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். டப்ளினில் 1922-ல் பற்றிய தீயில் அங்கத்திய தேவாலயப் பதிவேடுகள் ஏராளமாக அழிந்துபோயின.

அப்புறம் 1851 மக்கள்தொகைக் கணக்கு. பெற்றோர் வீட்டைக் கண்டுபிடித்தால் உடன்பிறந்தவர்கள் வயதோடும் பிறந்த ஊரோடும் வரிசையாக வருவார்கள். 22 வயதில் மணமாகாமல் இறந்திருந்தாலும் அவர்கள் வழியே வம்சம் தொடரும். கும்பினியின் வங்காளப் பீரங்கிப் படையில் கேடட்டாகச் சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்டையே பாருங்கள். அவருடைய தம்பி தாமஸின் மகள் மேரி, 1855-ல் கணித மேதை ஜார்ஜ் பூலை மணந்தார். அவர்கள் பெண்களில் அலிசியா நாற்பரிமாண வடிவியலிலும் லூசி வேதியியலிலும் பெயர் பெற்றார்கள். சிகரத்தின் பெயரோடு நின்றிருந்தால் இவர்கள் நம் கண்ணில் பட்டிருப்பார்களா?

ஒன்று மட்டும், கல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும். ரெஜிமென்ட் எண் தெரிந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.