டோக்கன் செத்துப்போச்சுங்ணா: மெட்டா ஏபிஐ கேள்வி பதில்

கடைகள், கம்பெனிகளின் மென்பொருளை மெட்டா நிறுவனத்தின் முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்போடு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் இணைத்துக் கொடுப்பதுதான் கோவையில் என் பிழைப்பு. கொங்குப் பக்கத்து டெவலப்பர்கள் தங்கள் சிக்கல்களை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி "எரர் வருதுங்க" என்பதோடு முடிந்துவிட்டது. மெட்டாவின் கிராஃப் ஏபிஐ அனுப்பும் பிழையில் செய்தி மட்டுமல்ல, கோட் (பிழை எண்), சப்கோட் (துணை எண்), டிரேஸ் ஐடி (அந்த ஒரு அழைப்பின் அடையாளக் குறி) எல்லாம் சேர்ந்தே வரும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செய்தியை மட்டும் லாகில் எழுதிவைத்தால் நானும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். எண்ணோடு வந்த கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் ஐடி வேலை பார்ப்பவர்: ஏனுங்ணா, எங்க பிராண்டு பேஜில் தினமும் தானாகப் பதிவு போட ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். இரண்டு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் 190 என்று நின்றுவிடும். புது டோக்கன் வைத்தால் மறுபடி ஓடும். இந்த முறை பத்தே நாளில் நின்றுவிட்டது.

டோக்கன் என்பது ஏபிஐக்குள் நுழைய உங்கள் ஆப்புக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு. 190 என்றால் அது செல்லாது. ஏன் செல்லாது என்பதைச் சப்கோட் சொல்லும். 463 வந்தால் காலாவதி. 460 வந்தால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. 458 வந்தால் அந்த ஆள் தன் கணக்கிலிருந்து உங்கள் ஆப்பை நீக்கியிருக்கிறார். உங்கள் இரண்டு மாதக் கணக்கு 463. பத்து நாளில் செத்தது அநேகமாக 460. முதலாளியின் சொந்த முகநூல் கணக்கில் நுழைந்துதானே டோக்கன் எடுத்தீர்கள்? அவரோ அவர் பையனோ போனில் பாஸ்வேர்டை மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கிராஃப் ஏபிஐ எக்ஸ்ப்ளோரர் என்ற மெட்டாவின் சோதனைக் கருவியில் கிடைக்கும் டோக்கன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதை ஆப் சீக்ரெட்டோடு (ஆப்பின் ரகசியச் சாவி) கொடுத்து மாற்றினால் சுமார் 60 நாள் டோக்கன் கிடைக்கும். நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், நீங்களும்தான். அந்த 60 நாள் டோக்கனை வைத்து 'மீ/அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு அழைப்பு விட்டால் பேஜுக்கான டோக்கன் வரும், அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் அதுவும் முதலாளியின் கணக்கிலிருந்து பிறந்ததுதான். அவர் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவும் போய்விடும்.

அதனால் கம்பெனி வேலைக்கு நான் சொல்வது ஒன்றே: பிசினஸ் செட்டிங்ஸில் ஒரு சிஸ்டம் யூசரை (தனி ஆளுக்கு இல்லாமல் கம்பெனிக்கே சொந்தமான கணக்கு) உருவாக்குங்கள். பேஜை அதன் பொறுப்பில் கொடுத்து, காலாவதி இல்லாத டோக்கனை அதன் பெயரிலேயே எடுங்கள். யார் வேலையை விட்டுப் போனாலும், யார் போனை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எடுத்ததும் ஆக்சஸ் டோக்கன் டீபக்கரில் ஒட்டிப் பாருங்கள். யாருடைய டோக்கன், எந்த ஆப், எப்போது முடியும், என்னென்ன அனுமதி என்று அங்கே தெரியும்.

பொள்ளாச்சி, தேங்காய் எண்ணெய்க் கடைக்கு மெசஞ்சர் பாட் எழுதியவர்: ஆங்கிலத்தில் 'பிரைஸ்' என்று அனுப்பினால் பாட் பதில் சொல்கிறது. தமிழில் 'விலை என்னங்க' என்று கேட்டால் சிக்னேச்சர் பொருந்தவில்லை என்று என் சர்வரே விரட்டிவிடுகிறது. மெட்டாவுக்குத் தமிழ் ஆகாதுங்களா?

வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். மெட்டாவுக்குத் தமிழ் நன்றாகவே ஆகும், கோளாறு உங்கள் பக்கம்.

வெப்ஹூக்கில் (புதுச் செய்தி வந்ததும் மெட்டாவே உங்கள் சர்வருக்குத் தள்ளிவிடும் வழி) வரும் ஒவ்வொரு செய்திக்கும், அதன் உடலை உங்கள் ஆப் சீக்ரெட்டோடு சேர்த்து எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட ஒரு கையொப்பம் ஹெடரில் (செய்தியின் தலைப்பகுதி) வரும். நீங்களும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். உங்கள் கோடில் என்ன நடக்கிறது என்றால், எக்ஸ்பிரஸ் (உங்கள் சர்வர் ஓடும் கட்டமைப்பு) முதலில் ஜேசான் வடிவத்தில் வந்த உரையைப் பிரித்து ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுகிறது. நீங்கள் அதை மறுபடி 'ஜேசான்.ஸ்டிரிங்கிஃபை' செய்து (உரையாக்கி) அதன் மேல் கணக்குப் போடுகிறீர்கள். ஆங்கில எழுத்து என்றால் போனதும் வந்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அதனால் தப்பித்துவிடுகிறது. தமிழை மெட்டா அப்படியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் பேக்ஸ்லாஷ், யூ, நான்கு ஹெக்ஸ் இலக்கம் என்று ஆறு எழுத்தாக அனுப்புகிறது. 'விலை' என்பதில் யூனிகோட் கணக்குப்படி வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என நான்கு. ஆக, வந்தது 24 பைட். ஸ்டிரிங்கிஃபை அதை நிஜத் தமிழ் எழுத்தாக எழுதும்போது குறிக்கு மூன்று வீதம் 12 பைட் ஆகிவிடுகிறது. பைட் மாறினால் கையொப்பம் எப்படிப் பொருந்தும்?

பிரிப்பதற்கு முன்னால் உடலை வந்தது வந்தபடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸில் ஜேசான் பார்சருக்குள்ளேயே 'வெரிஃபை' என்று ஒரு இடம் இருக்கிறது, பஃபரை அங்கே பிடிக்கலாம். ஆங்கிலத்தில் பேசும் வாடிக்கையாளர் ஒரு இதய எமோஜி போட்டாலும் இதே சிக்கல் வரும் என்பதால், தமிழ் வேண்டாம் என்று ஒதுங்கியும் தப்பிக்க முடியாது. சிலர் சரிபார்ப்பு வரியையே கமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் வெப்ஹூக் முகவரி தெரிந்த எவனும் நூறு டின் எண்ணெய்க்குப் பொய் ஆர்டர் போடலாம்.

இதையே இன்ஸ்டாகிராம் மெசேஜுக்கும் நீட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று: அங்கே ஒரு பதிலின் வரம்பு 1000 பைட். 'நன்றி' என்ற மூன்றெழுத்துக்கே 15 பைட் ஆகும். ஆங்கிலத்தில் தாராளமாக நுழையும் விலைப்பட்டியல் தமிழில் நுழையாது. பைட்டை எண்ணி இரண்டாக வெட்டி அனுப்புங்கள்.

நாமக்கல், முட்டை மொத்த வியாபாரத்துக்கு வேலை செய்பவர்: தினசரி முட்டை விலையைக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப் ஏபிஐ வழியாக அனுப்புகிறோம். சிலருக்குப் போகிறது, சிலருக்கு 131047. சரி என்று டெம்ப்ளேட் (மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் செய்தி வடிவம்) போட்டால் 132001. டெம்ப்ளேட் அப்ரூவ் ஆகித்தானுங்க இருக்கிறது?

131047 என்றால் அந்தக் கடைக்காரர் உங்களுக்குக் கடைசியாக மெசேஜ் போட்டு 24 மணி நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்துக்குள் மட்டும்தான் இஷ்டப்படி எழுதி அனுப்பலாம். "இன்னிக்கு இத்தனை ட்ரே போடுங்க" என்று தினமும் பதில் போடுகிறவருக்கு விலை போய்ச் சேரும், பேசாமல் இருப்பவருக்குப் போகாது. தினசரி விலைக்கு எல்லோருக்கும் டெம்ப்ளேட்தான் சரி.

132001 என்றால் அந்தப் பெயரில், அந்த மொழியில் டெம்ப்ளேட் இல்லை. நீங்கள் தமிழில் உருவாக்கினால் மொழிக் குறி தமிழுக்கானதாக இருக்க வேண்டும். ஆவணத்திலிருந்து எடுத்த மாதிரிக் கோடில் அமெரிக்க ஆங்கிலத்தின் குறி இருக்கும், அதை மாற்ற மறந்திருப்பீர்கள். வெறும் ஆங்கிலமும் அமெரிக்க ஆங்கிலமும்கூட அங்கே வேறு வேறு.

இதைத் தாண்டியதும் அடுத்த சுவர் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ஊர்வாரியாக ஏழெட்டு விலையைச் சேர்த்து ஒரே மாறிக்குள் (டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு முறையும் மாற்றி நிரப்பும் இடம்) வரி வரியாக அடைக்கத் தோன்றும். மாறிக்குள் புது வரி, டேப், தொடர்ந்து நான்குக்கு மேல் இடைவெளி எதுவும் செல்லாது. வரிகளை டெம்ப்ளேட்டிலேயே நிலையாக வைத்து, தேதியும் விலையும் மட்டும் மாறியாக இருக்கட்டும். மாறிகளின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் 132000 வரும். 2025 ஜூலை முதல் டெம்ப்ளேட்டுகளுக்கு மெசேஜ் கணக்கில்தான் காசு. மெட்டா உங்கள் டெம்ப்ளேட்டை மார்க்கெட்டிங் வகையில் போட்டால் செலவு கூடும், அதனால் விலை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

சென்னிமலை, பெட்ஷீட் விற்பனைத் தளம்: இன்ஸ்டாவில் ஏபிஐ வழியாகப் படம் போட்டால் 9004. லிங்க் என் பிரௌசரில் நன்றாகத் திறக்கிறது.

உங்கள் பிரௌசரில் திறக்கும், ஏனென்றால் நீங்கள் லாகின் செய்திருக்கிறீர்கள். அனுப்பியிருப்பது கூகுள் டிரைவ் லிங்க். இன்ஸ்டாகிராமின் சர்வர் வந்து படத்தை எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் லாகின் பக்கமோ முன்னோட்டப் பக்கமோ நிற்கக் கூடாது. லிங்கைத் தட்டினால் படம் மட்டுமே வர வேண்டும், அதுவும் ஜேபெக். உங்கள் தளத்தில் படங்களெல்லாம் வெப்பி வடிவத்தில் இருப்பதால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங்கில் ஹாட்லிங்க் தடுப்பு (வெளியார் படத்தை நேரடியாக எடுக்க விடாமல் தடுப்பது) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரீல்ஸ் போடும்போது கன்டெய்னரை (பப்ளிஷுக்கு முன் வீடியோ தயாராகும் இடம்) உருவாக்கிய கையோடு பப்ளிஷ் கொடுக்காதீர்கள், 9007 வரும். நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கேட்டு, முடிந்தது என்று வந்த பிறகு கொடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் போனால் கன்டெய்னரே இருக்காது.

கரூர், ஜவுளி ஏற்றுமதி அலுவலகம்: பதினெட்டு பிராண்டுகளின் இன்ஸ்டா ஐடியை எக்செல்லில் வைத்து அதிலிருந்து ஏபிஐ-யைக் கூப்பிடுகிறோம். எல்லாவற்றுக்கும் கோட் 100, சப்கோட் 33. அனுமதி எல்லாம் கொடுத்தாயிற்று.

இந்த 100/33 ஒரு மோசமான பிழை. ஐடி இல்லை, அல்லது அனுமதி இல்லை, அல்லது அந்த வேலை அங்கே நடக்காது என்று மூன்று காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்லோரும் அனுமதியைத்தான் முதலில் தோண்டுவார்கள். நீங்கள் எக்செல் என்ற சொல்லை எழுதியதால் எனக்குச் சுலபமாகிவிட்டது. ஷீட்டைத் திறந்து அந்த ஐடிகளின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். எல்லாம் பூஜ்யமா?

இன்ஸ்டா ஐடிக்கு 17 இலக்கம். எக்செல் 15 இலக்கம்தான் தாங்கும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு ஐடிகளை மறுபடி ஒட்டுங்கள், போனது தானாகத் திரும்பாது. ஜாவாஸ்கிரிப்டும் 16 இலக்கத்திலேயே தடுமாறும். ஏபிஐ ஐடியை மேற்கோளுக்குள் போட்டுத்தான் அனுப்புகிறது. அதை யாரும் எண்ணாக மாற்றாமல் இருந்தால் போதும்.

கோவை, காந்திபுரம் ஏஜென்சி: நாற்பது பேஜ்களின் கமெண்டை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். கோட் 4 வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. பேட்ச் ஆக்கினால் (பல அழைப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பினால்) சரியாகுமா?

ஆகாது. கோட் 4 என்றால் அழைப்பு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு பேட்சில் 50 அழைப்பு வைக்கலாம், ஆனால் 50 என்றே எண்ணுவார்கள். பயனர் டோக்கனில் ஓட்டும்போது ஆப்புக்கான வரம்பு, ஒரு மணி நேரத்துக்குப் பயனர் எண்ணிக்கை பெருக்கல் 200. ஆப்பைப் பயன்படுத்துவது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் 200தான், நீங்கள் விடுவது 2400. நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு வெப்ஹூக்குக்கு மாறுங்கள். பதிலோடு வரும் ஆப் யூசேஜ் ஹெடரில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று இருக்கும், 80 தாண்டினால் ஸ்கிரிப்ட் தானாக வேகம் குறைக்கட்டும்.

பெருந்துறை, கல்லூரி மாணவி: என் ஆப்பில் நான் லாகின் செய்ய முடிகிறது, தோழிக்கு முடியவில்லை. அப்புறம், பயனரின் சொந்தப் பக்கத்தில் தானாகப் பதிவு போடும் அனுமதி எங்கே இருக்கிறதுங்க அண்ணா?

ஆப் இன்னும் டெவலப்மென்ட் மோடில் (சோதனை நிலையில்) இருக்கிறதம்மா. தோழியை டெஸ்டராகச் சேர்த்துவிடுங்கள், அவர் அழைப்பை ஏற்கவும் வேண்டும். இரண்டாவது இப்போது கிடையாது. சொந்த டைம்லைனில் எழுதும் அனுமதியை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள், குரூப்களுக்கான ஏபிஐயும் 2024 ஏப்ரலில் போய்விட்டது. பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து புராஜெக்ட் தலைப்பு எடுத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பவானி, ஜமுக்காளக் கடை: எங்கள் ஒரே பேஜில் பதிவு போடத்தான் ஆப். பிசினஸ் வெரிஃபிகேஷனில் (கடை உண்மையானதா என்று மெட்டா சரிபார்ப்பது) இரண்டு முறை திருப்பிவிட்டார்கள்.

முதலில் அது தேவையா என்று பாருங்கள். உங்கள் சொந்தப் பேஜில், ஆப்பில் பொறுப்பு வகிக்கும் ஆளே பதிவு போடுவதற்கு ஸ்டாண்டர்டு ஆக்சஸ் போதும், ஆப் ரிவ்யூவுக்குப் (ஆப்பை மெட்டா பரிசோதிப்பது) போக வேண்டியதே இல்லை. அடுத்தவர் பேஜைக் கையாளும்போதுதான் அட்வான்ஸ்டு ஆக்சஸ். பின்னால் தேவைப்பட்டால், ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் பிசினஸ் செட்டிங்ஸில் எழுதுங்கள். போர்டில் இருக்கும் கடைப் பெயர் வேறு, சான்றிதழில் உரிமையாளர் பெயர் வேறு என்பதுதான் நம் பக்கம் வழக்கமாக இடிக்கும் இடம்.

திருச்செங்கோடு, ரிக் வண்டிக் கம்பெனி: நேற்றுவரை ஓடியது, கோடில் கை வைக்கவில்லை, இன்று கோட் 2. என் தப்பா, அவர்கள் தப்பா?

1, 2 இரண்டும் பெரும்பாலும் அவர்கள் பக்கம். கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப முயலுங்கள், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். மெட்டாவின் நிலைப் பக்கத்தையும் பாருங்கள். 2021 அக்டோபர் 4 போல மொத்தமும் ஆறு மணி நேரம் படுத்தால் ஊருக்கே தெரியும், உங்கள் ஒரு அழைப்பு மட்டும் படுத்தால் தெரியாது. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டிரேஸ் ஐடியோடு பக் ரிப்போர்ட் போடுங்கள். அது இல்லாமல் போட்டால் முதல் பதிலே "டிரேஸ் ஐடி கொடுங்கள்" என்றுதான் வரும்.

ஈரோடு, ஜவுளிக்கடை: ஆடிப் பதினெட்டு ஆஃபரைக் காலை 6 மணிக்கு ஷெட்யூல் செய்தேன், பதினொன்றரைக்குத்தான் வெளியானது.

உங்கள் சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் 6 மணி நமக்குப் பதினொன்றரை. ஏபிஐ கேட்பது யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் (வினாடிக் கணக்கில் எழுதிய நேரம்). அதை உருவாக்கும் இடத்தில் 'ஏசியா/கொல்கத்தா' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், சர்வரின் நேரத்தை மாற்றிவைக்காதீர்கள். உங்கள் பில்லிங்கும் அதே சர்வரில்தானே ஓடுகிறது?