தஞ்சாவூரில் பிள்ளைகளோடு இரண்டு நாள்

கேள்வி: மே மாத விடுமுறையில் பத்து வயது மகன், ஆறு வயது மகளோடு தஞ்சாவூர் வருகிறோம். இரண்டு நாள் தங்குவோம். கோயில் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எங்கே கூட்டிப்போவது?

பதில்: பெரிய கோயிலை விட்டுவிடாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மே மாதம் காலை பத்து மணிக்கு மேல் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நடக்கப் பெரியவர்களாலேயே முடியாது. பிள்ளைகளின் முகச்சுளிப்புக்குப் பாதிக் காரணம் காலில் ஏறும் அந்தச் சூடுதான். விடிந்ததும் போய்விடுங்கள்.

உள்ளே போனதும் வரலாற்றுப் பாடம் எடுக்காதீர்கள். தேட ஏதாவது கொடுங்கள். ராஜராஜன் திருவாசல் என்ற இரண்டாவது கோபுர வாசலில் நிற்கும் பிரம்மாண்டமான துவாரபாலகர், அதாவது வாயிற்காவலர் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பது யார்? யானையே பாம்புக்கு இரை என்றால் அந்தக் காவலர் எவ்வளவு பெரியவர் என்று மகனே கணக்குப் போடுவான். கருவறைக்கு மேல் உயரும் கோபுரமான விமானத்தின் வடக்குப் பக்கம் தொப்பி வைத்த ஒரு ஐரோப்பிய முகம் இருக்கிறது, அதையும் தேடச் சொல்லுங்கள். கோயில் 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுவரடியில் உள்ள கல்வெட்டுகளில் ட, ப போன்ற எழுத்துகளைத் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை இன்றைக்கும் அடையாளம் காணும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தைத் தானே படித்த பிள்ளை அடுத்த வரிக்குத் தானாகவே நகரும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம், நிழலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். விழும்.

வெயில் ஏறியதும் அரண்மனை வளாகம். அங்கே ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. சோழர் செப்புத் திருமேனிகள் உங்களுக்கு, திமிங்கிலம் பிள்ளைகளுக்கு. வெளியே வந்ததும் தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்குங்கள். படுக்க வைத்தாலும் ஏன் எழுந்துவிடுகிறது என்று மகன் கேட்பான். அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதைக் கையில் கொடுத்தே காட்டலாம்.

இரண்டாம் நாள் கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் கோயில் போதும். பெரிய கோயிலைவிடச் சின்னது, கூட்டமும் குறைவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்பேன். முன்மண்டபம் தேர் போல, கல் சக்கரமும் குதிரையுமாக நிற்கும். ஒரே தலையில் காளையும் யானையும் தெரியும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு உடலைக் கையால் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.

கல்லணையை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அதற்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். மே மாதம் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ள முடிந்தால் கட்டாயம் போங்கள். அப்போதும் மதகுப் பக்கம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், அங்கே இழுப்பு அதிகம்.